விட்டுக்கொடுக்காத ஒருவரைப் பற்றி

பாப்பா,

போன வாரம் போனில் என்னிடம் ஒரு சொல்லில் பதில் கேட்டாய். ஆமாவா, இல்லையா. வினாத்தாளில் "சரியா பிழையா" என்று கேட்டே காலம் தள்ளிய எனக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் அப்படிப்பட்ட கேள்விக்குப் பாதிப் பிள்ளைகள் ஊகித்துத்தான் விடை எழுதும் என்று எனக்குத் தெரியும். அதனால் கீழே "காரணம் தருக" என்று ஒரு கோடு போட்டு விடுவேன். நீயும் அதே கோட்டைப் போட்டுவிட்டாய். "நீங்க வேணாம்னா வேணாம்ப்பா. நான் ஓடிப்போற ஆள் இல்ல. ஆனா காரணம் சொல்லணும். சூதாட்டம்னு மட்டும் சொல்லாதீங்க. அது காரணம் இல்ல, தலைப்பு" என்றாய். அடுத்த மாதம் நிரோஷன் வீட்டார் வத்தளையிலிருந்து நிச்சயத் தட்டு கொண்டு வருவதா வேண்டாமா என்பது நான் தரப்போகும் காரணத்தைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் சொல்ல வந்ததை மறப்பேன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதல் நாள் நீ அவரைப் பற்றிச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று உன் அம்மா கேட்டாள். "போக்கர் விளையாடுறார்" என்றாய். "விளையாடட்டும், உடம்புக்கு நல்லதுதான். வேலை என்ன?" என்றாள் அம்மா. "அதுதாம்மா வேலை" என்று நீ சொன்னதும், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைக் கொடுப்பது போலப் போனை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல வேலை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் பாதி நேரம் கம்ப்யூட்டரில்தான் ஆடுகிறார் என்று நீ சொன்னதால், அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. எங்களுக்குச் சம்பளச் சீட்டு தெரியும், பென்ஷன் தெரியும். அவை இரண்டையும் பார்த்துப் பெண் கொடுத்த வீடுகளில் பிறகு நடந்ததையும் பார்த்திருக்கிறேன், அதனால் அதை வைத்து மட்டும் உன்னோடு வாதாட மாட்டேன். ஆனால் ஒரு மனிதர் தன் முகத்தில் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்வதைத் தொழிலாக வைத்திருக்கிறார் என்றால், அவரை எந்த அப்பா சந்தேகப்படாமல் இருப்பான்?

தெரியாத பாடத்தில் பிழை பிடிக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் உனக்குச் சொல்லாமல் அந்த ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன். தமிழ்நாட்டுப் பையன்கள் மூச்சு விடாமல் சொல்லித்தரும் வீடியோக்கள் போனில் நிறைய இருக்கின்றன. அவர்கள் "ப்ளஃப்" என்று சொன்னதை இரண்டு வீடியோ வரைக்கும் நான் "புளுகு" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். பொருள் மாறவில்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக, கட்டம் கட்டமாகத் திறக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம், அதே அளவு வைத்து ஈடுகொடுக்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கலாம். நல்ல ஆட்டக்காரர் அதிகம் செய்வது அந்தக் கடைசி வேலையைத்தான் என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியாகப் பேசும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வசதி அதிகம், மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டுத் தன் காரியத்தைச் செய்யலாம். ஆசிரியர் கூட்டத்தில் பள்ளிக்கூட அதிபர் எல்லாரையும் பேசவிட்டுக் கடைசியில் வாய் திறப்பது ஏன் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது.

டூர்னமென்ட் கணக்கு இன்னொரு விதம். எல்லாரும் ஒரே அளவு சில்லுகளோடு தொடங்குகிறார்கள், சில்லு முடிந்தவர் எழும்பிப் போக வேண்டும். நேரம் போகப் போக, ஆடினாலும் ஆடாவிட்டாலும் கட்டாயமாக வைக்க வேண்டிய பங்கு ஏறிக்கொண்டே போகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே கையிருப்பு தண்ணீரில் கிடக்கும் சவுக்காரம் மாதிரி கரையும். ஆகவே எவ்வளவு பொறுமைசாலியும் ஒரு கட்டத்தில் துணிந்தாக வேண்டும். எப்போது துணிவது, யாருக்கு எதிராகத் துணிவது என்பதில்தான் திறமை என்கிறார்கள். அதில் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. படித்துப் பார்த்தபின் அப்படிச் சொல்வது பொய்யாகும். ஆனால் நிகழ்தகவு பாடம் நடத்தும்போது நான் ஒரு பைக்குள் சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவேனே, நீயே அந்த வகுப்பில் இருந்தாய். அந்தப் பையில் ஒரு நிம்மதி உண்டு. நான் யார், என் நிலைமை என்ன என்று பந்துகளுக்குத் தெரியாது. போக்கரில் பந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் பிடிக்கவில்லை. கேகாலை பஸ் நிலையத்துச் சுவரில் ட்யூஷன் வகுப்புக்காரர்கள் போஸ்டர் ஒட்டுவார்கள். ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக இருக்கும், நடுவில் ஆசிரியர் கோட்டு டையோடு நிற்பார். அதே வகுப்பில் பணம் கட்டி, அதே வாங்கில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, கணிதத்தில் தவறிய பிள்ளைகளின் முகத்தை எந்தச் சுவரிலும் பார்க்க முடியாது. அந்தப் பிள்ளைகள் பிறகு என்னிடம்தான் வருவார்கள், அதனால் அவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இப்போது போனைத் திறந்தால் போக்கர் விளம்பரங்கள் வருகின்றன. ஒருவன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். எனக்கு உடனே அந்தப் பஸ் நிலையத்துச் சுவர்தான் ஞாபகம் வருகிறது. யட்டியாந்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் பின் சீட்டில் பையன்கள் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு "ஆல் இன் அடிடா, அவன் சும்மா காட்டுறான்" என்கிறார்கள். இருக்கிற சில்லு எல்லாவற்றையும் ஒரே தடவையில் வைப்பதற்குப் பெயர் அது. விளையாட்டுச் சில்லுதான், காசு இல்லை என்று ஒருவன் எனக்கு விளக்கினான். "காசு இல்லாம எதுக்குடா இதை உனக்குத் தாறாங்க?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். முதல் மாதம் கட்டணம் இல்லை என்று போஸ்டரில் போடுவார்களே, அதே காரணம்தான்.

இதையெல்லாம் படித்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் கையைப் பார்க்கிறேன், கழுத்து நரம்பைப் பார்க்கிறேன். மீன்காரர் "இன்னைக்குக் காலைல வந்த மீன் மாஸ்டர்" என்று சொன்னபோது அவர் கண் தராசுக்குப் போனதா மீனுக்குப் போனதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, அந்த மனுசனை ஏன் இப்படி முறைக்கிறீங்க? நாளைக்கு இந்தப் பக்கமே வர மாட்டாரு" என்று அம்மா அதட்டினாள். வகுப்பில் "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றுதான் ஒவ்வொரு பாடத்தையும் முடிப்பேன். அங்கே சந்தேகம் என்பது நல்ல சொல், கேட்டால் தீர்ந்துவிடும். வீட்டுக்குள் வந்ததும் அதே சொல் எப்படி இவ்வளவு அசிங்கமாகிறது என்று யோசித்தேன். கேட்காமல் வைத்துக்கொள்வதால்தான் என்று நினைக்கிறேன். அதனால் என் சந்தேகங்களை எல்லாம் இந்தக் கடிதத்தில் கேட்டுவிடுகிறேன்.

என் பெரிய சந்தேகம் நீ பெருமையாகச் சொன்ன ஒரு கதையிலிருந்து வந்தது. கொழும்பு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த அந்த டூர்னமென்டில் நீயும் ஆடினாய், உனக்கும் ஆட்டம் தெரியும் என்று அந்தக் கதையில்தான் அறிந்தேன். கடைசியில் நீயும் நிரோஷனும் ஒரே மேசைக்கு வந்தீர்கள். இன்னும் ஓரிருவர் வெளியே போனால் மிச்சம் இருப்பவர்களுக்கெல்லாம் பரிசு உறுதி. அந்த நேரத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள் என்றும் நீதான் சொன்னாய். உன்னிடம் சில்லு குறைவு. கையில் ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினாய். மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். நிரோஷன் மட்டும் மிச்சம். அவர் நீண்ட நேரம் யோசித்தார், பிறகு ஈடுகொடுத்தார், நீ வெளியே போனாய். "அவர் எனக்கு விட்டுக்கொடுக்கலப்பா. அன்னைக்குத்தான் எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுச்சு" என்றாய். தெரிந்தவருக்காகக் கையை விடுவது அந்த மேசையில் களவுக்குச் சமம், ஆளை எழுப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குச் சட்டமும் விளக்கினாய். சட்டம் விளங்கியது. உன் பெருமைதான் விளங்கவில்லை. நம் வீடுகளில் கல்யாணப் பெண்ணுக்குத் தாலி ஏறும் முன்பே சொல்லிக் கொடுப்பது "விட்டுக்கொடுத்துப் போ" என்பதைத்தான். அந்தப் பாடத்தில் சைபர் எடுத்த ஒருவரைப் பார்த்து என் பிள்ளைக்கு ஏன் ஆசை வந்தது?

அந்தக் கேள்வியோடுதான் போன ஞாயிற்றுக்கிழமை அவரை எதிர்பார்த்தேன். உனக்கு ஒபிசில் வேலை என்று சொல்லி அவரைத் தனியாக அனுப்பினாய். அதுவே எனக்குச் சந்தேகம். அவர் தன் பக்கக் கதையைச் சொல்லியிருப்பார், என் பக்கத்தையும் கேள். அவிசாவளையில் பஸ் மாறி வந்தார், சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. என்னை "சேர்" என்றார், அம்மாவை "ஆன்ட்டி" என்றார். சாப்பிட்டு முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லை. பக்கத்து வீட்டுக் குணசேன, தோட்டத்து ரப்பர் பெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும், மாப்பிள்ளை பார்க்கக் குடையோடு வந்து சேர்ந்தார். நான்கு பேர் ஆகிவிட்டோம். "ஓமி ஒண்ணு போடுவோமா மாஸ்டர்?" என்று சீட்டுக்கட்டைக் கேட்டு அவர்தான் ஆரம்பித்தார். எனக்குள் ஒருவன் அதற்காகவே காத்திருந்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஆளை அறிய வேண்டுமானால் அவருடைய சொந்தத் தொழிலில் பார்க்கக் கூடாது, பழக்கமில்லாத சின்ன ஆட்டத்தில் பார்க்க வேண்டும்.

ஓமியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் ஆள். நானும் குணசேனவும் ஒரு பக்கம், அம்மாவும் நிரோஷனும் ஒரு பக்கம். நம் வீட்டு ஓமியில் சைகை இல்லாமல் ஆட்டமில்லை. குணசேன மூக்கைச் சொறிந்தால் என்ன, நான் கண்ணாடியைத் தூக்கினால் என்ன என்பது எதிர்ப் பக்கத்துக்கும் தெரியும். பிடிபட்டால் சிரிப்பு, பிடிபடாவிட்டால் வெற்றி. அம்மாவின் சைகை காதுத் தோட்டைத் தொடுவது. "இந்தப் பிடியை எனக்கு விடு, நான் எடுக்கிறேன்" என்று அர்த்தம். அந்த ஆட்டத்தில் இஸ்கோப்பு துரும்பு, வேறு எந்த இனத்தையும் அது வெட்டும். குணசேன கிளாவர் இறக்கினார். அடுத்தது நிரோஷன். அவரிடம் கிளாவர் இல்லை, துரும்பு இருந்தது. அம்மாவிடம் கிளாவர் ஆஸ் இருந்தது என்று பிறகு தெரிந்தது. அவள் தோட்டைத் தொட்டாள். ஒருமுறை இல்லை, தோடு கழன்று விழும் அளவுக்குத் திருகினாள். அவர் பார்த்தார். கை ஒரு நொடி நின்றது. பிறகு துரும்பைப் போட்டு வெட்டினார். அம்மாவின் ஆஸ் அதன்மேல் வீணாக விழுந்தது. அந்த ஒரு துரும்பு கடைசியில் இல்லாமல் போய், ஆட்டமே எங்கள் பக்கம் வந்துவிட்டது.

"தம்பி, கண்ணு தெரியுதா இல்லியா உங்களுக்கு?" என்றாள் அம்மா.

"தெரியுது ஆன்ட்டி."

"பின்ன ஏன் வெட்டுனீங்க?"

"வெட்டுறதுதான் சரின்னு பட்டுச்சு ஆன்ட்டி. நீங்க ஆஸ் வச்சிருக்கிறது எனக்குத் தெரியக் கூடாதே."

"தெரியக் கூடாதாம். நான் காது அறுந்து போற அளவுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

குணசேனவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நோனா, மருமகன் எங்க பக்கம் ஆடுறார் நே. கல்யாணம் முடிஞ்சாலும் இவரை எங்களுக்கே தந்திருங்க" என்றார் அம்மாவிடம். நிரோஷனும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சீட்டைக் கலைத்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். தேநீரில் அவருக்கு மட்டும் சீனி குறைவாக இருந்திருக்க வேண்டும், முதல் மிடறில் கொஞ்சம் நிறுத்தினார். அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தார்.

மழை விட்டதும் பஸ்ஸுக்கு அவரோடு நடந்தேன். ரப்பர் மரத்துக்கு மரம் பொலித்தீன் கட்டியிருப்பது ஏன் என்று கேட்டார். மழைத் தண்ணீர் வெட்டுக் காயத்தில் இறங்கிப் பாலோடு கலக்காமல் இருக்க என்றேன். அவ்வளவு காவல் கட்டியும், காலையில் வானத்தைப் பார்த்து இன்றைக்குப் பால் வெட்டலாமா வேண்டாமா என்று ஒருவர் முடிவு எடுக்கத்தான் வேண்டும் என்றேன். "சரியா முடிவெடுத்தும் மழை வந்திரும் இல்லையா சேர்?" என்றார். "வரும்" என்றேன். அதைப் போக்கரோடு சேர்த்து ஏதாவது சொல்வார், பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். சொல்லவில்லை. எனவே நானே நேராகக் கேட்டேன். "ஆன்ட்டியோட சைகையை நீங்க பார்த்தீங்க, நிரோஷன்."

"பார்த்தேன் சேர். அர்த்தமும் தெரியும்."

"நான் கவனிச்சுக்கிட்டு இருந்ததால அதைக் கணக்குல எடுக்காம விட்டீங்களா?"

"நீங்க கவனிக்காட்டியும் எடுத்திருக்க மாட்டேன் சேர். ஆனா அதை உங்களுக்கு எப்படி நிரூபிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

நல்ல பதில். மிகவும் நல்ல பதிலாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. ஆகவே ஒரு தூண்டில் போட்டேன். நான் செய்ததில் உனக்குக் கோபம் வரலாம். உன்னைக் கொஞ்சம் இறக்கிப் பேசினேன். "அவளுக்குத் தோல்வி தாங்காது. சின்ன வயசுல கேரம்ல தோத்தா பலகையையே கவுத்துருவா. அன்னைக்கு டூர்னமென்ட்லயும் ஏதாவது கூத்து காட்டியிருப்பாளே" என்றேன். மாப்பிள்ளைகள் மாமனாரோடு சேர்ந்து சிரித்து நெருக்கமாகிற இடம் அது. அவர் சிரிக்கவில்லை. "இல்லையே சேர். எழும்பி நின்னு கை குடுத்தாங்க. மேசையில எல்லாருக்கும் குட் லக் சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றார். "வேற ஒண்ணும் நடக்கலையா?" என்றேன். "ஆட்டம்தான் சேர் நடந்துச்சு" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் வீடியோ பார்த்துப் படித்த எதுவும் உதவவில்லை. கடைக் கதவை இழுத்து மூடியது போல இருந்தது. அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வரும்போது என் பதில் "இல்லை" என்றே இருந்தது.

அம்மாவின் பதிலும் அதுதான், ஆனால் அவளுடைய காரணம் என்னுடையதை விட நல்லது. சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "சூதாடுறார், ஆடட்டும். அது எனக்குப் பெருசில்ல. என் எதிர்ல உக்காந்து, என் ஆளா இருந்துக்கிட்டு, நான் சொன்னதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாரே. நாளைக்கு நம்ம பிள்ளை நாலு பேருக்கு நடுவுல வாய் திறக்க முடியாம கண்ணால ஒண்ணு சொன்னா, அதையும் இப்படித்தானே வெட்டுவாரு?" எங்கள் கல்யாணமே அப்படி வாய் திறக்காமல் சொல்லித்தான் ஓடியது. விருந்தாளி முன்னால் அவள் பாத்திரத்தை வைக்கும் சத்தத்தில் நான் அரிசி தீர்ந்ததைத் தெரிந்துகொள்வேன்.

அப்புறம்தான் அவர் சொன்ன ஒரு சொல் எனக்குத் திரும்பி வந்தது. அர்த்தமும் தெரியும் என்றாரே. முதல் முதலாக நம் வீட்டு வாசலை மிதித்தவருக்கு, தோட்டைத் தொட்டால் என்ன அர்த்தம் என்று எப்படித் தெரியும்? நீ சிரிப்புக்காகச் சொல்லியிருக்கலாம். அது ஒரு சாத்தியம். இன்னொரு சாத்தியமும் இருந்தது. இத்தனை நாளும் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நான் அன்றுதான் உன்னைச் சந்தேகப்பட்டேன். நேற்று உனக்குப் போன் எடுத்துச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அன்னைக்கு டூர்னமென்ட் மேசையில நீ தோட்டைத் தொட்டியா?"

பஸ் ஹோர்ன் சத்தம் கேட்டது, நீ ரோட்டில் நிற்கிறாய் என்று தெரிந்தது. கடைசியில் "யோசிச்சுச் செய்யலப்பா. கை தானா போயிருச்சு" என்றாய். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாய்.

கை தானாகப் போனது என்பதை நான் நம்புகிறேன். எதிரே நமக்கு வேண்டியவர் உட்கார்ந்திருந்தால் அவர் நம் ஆள் என்று நினைக்கும்படி நாங்கள்தான் உன்னை வளர்த்தோம். அந்த மேசையில் யாரும் யாருடைய ஆளும் இல்லை என்று உன் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. ஆனாலும் பாப்பா, அது பிழை. அதே மேசையில் கஷ்டப்பட்டு ஆடிக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு நீ செய்யப் பார்த்த பிழை. அதைச் சின்னதாக்க மாட்டேன். அதே நேரத்தில் எனக்கு இன்னொன்றும் தெளிவானது. நீ கேட்டதை அவர் பார்த்தார், விளங்கிக்கொண்டார், விட்டுக்கொடுக்கவில்லை. ரோட்டில் நான் உன்னை இறக்கிப் பேசி அவர் வாயைக் கிண்டியபோது, அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தன் நேர்மை எனக்கு அந்த நிமிடமே நிரூபணமாகியிருக்கும், அதற்குத்தான் நான் ஆதாரம் கேட்டுக்கொண்டு நடந்தேன். சொல்லவில்லை. அப்பனிடம்கூட உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. நம் பாஷையில் ஒரே சொல்லுக்கு இந்த இரண்டு அர்த்தமும் இருப்பதை நான் பிள்ளைகளுக்கு இலக்கணமாகக்கூடச் சொல்லித் தந்ததில்லை. அந்த மூடிய முகத்துக்குப் பின்னால் அவர் ஒளித்து வைத்திருந்தது உன்னுடையதைத்தான்.

சந்தேகக்காரனுக்கு அதுவும் போதாது. உன் ரகசியம் கையில் இருக்கிற ஒருவரை, அந்த ரகசியத்துக்காகவே கட்டிக்கொள்கிறாயோ என்றும் நேற்றே கேட்டேன். "அதுக்காகன்னா ஒரு வக்கீலைல்ல கட்டணும், அப்பா" என்றாய். சிரித்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வியை நீ தனியாக இருக்கும்போது ஒருமுறை உன்னிடமே கேட்டுக்கொள். நன்றிக்கடனில் கல்யாணம் செய்தால் வீட்டில் ஒருவர் எப்போதும் தலை குனிந்தே நடப்பார்.

ஆகவே என் பதில் ஆமா. நிரோஷன் வீட்டார் வரட்டும். ஆட்டத்தை நான் இன்னும் நம்பவில்லை, அதை எழுதி வைத்துக்கொள். ஆடுகிறவர் நேர்மையானவர் என்பதால் ஆட்டம் நல்லதாகிவிடாது. சுவரில் முகம் ஒட்டப்படாதவர்கள்தான் எங்கும் அதிகம், அவரும் ஒரு வருஷம் அந்தப் பக்கம் நிற்க வேண்டி வரும். அன்றைக்கு வீட்டு அரிசிக்கும் மேசைச் சில்லுக்கும் ஒரே பையாக இருக்கக் கூடாது. இதை அவரிடம் கல்யாணத்துக்கு முன்பே பேசு, பிறகு பேசினால் குற்றச்சாட்டாகக் கேட்கும். தொடர்ந்து தோற்கிற நாளில் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் வருவார். அங்கே அந்த முகம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கு இருக்கிறது. முக்கியமாக, அம்மா சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள். கண்ணால் சொன்னதை அவர் எடுக்க மாட்டார். எடுக்காமல் இருப்பதற்கே தன்னைப் பழக்கியிருக்கிறார். எங்களைப் போல பாத்திரத்தைச் சத்தமாக வைத்துக் குடும்பம் நடத்த உன்னால் முடியாது. உனக்கு வேண்டியதை வாய் திறந்து சொல்ல வேண்டும், நாலு பேர் இருந்தாலும் சொல்ல வேண்டும். நம் வீட்டில் நீ படிக்காத பாடம் அது. நாங்கள் நடத்தவில்லை.

அதை முதலில் அம்மாவிடமே செய்து பார். நீ சொல்லாதே என்றதால் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அது தெரியாத வரைக்கும் அவளுக்கு நிரோஷன் தன் சைகையை வெட்டிய ஆள், அவ்வளவுதான். அவளுடைய "இல்லை"யை மாற்றக்கூடிய ஒரே காரணம் உன் கையில் இருக்கிறது, அதைச் சொன்னால் அவள் முன்னால் நீ கொஞ்சம் சின்னவளாவாய். நான் ஆமா என்றதை வைத்து அவளைத் தாண்டிப் போக நினைக்காதே. அவள் மனதில்லாமல் இந்த வீட்டில் தட்டு மாற்ற விட மாட்டேன். வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் வா. குசினியில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள், பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து சொல். நான் குணசேன வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

கேட்டுவிட்டு என்ன சொல்வாள் என்று என்னிடம் கேட்காதே. கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு இன்னும் தெரியாது.

அப்பா